பத்திலிருந்து பத்தரை வரை

நாலே முக்காலுக்கு லாரியின் பின்படியில்
ஒற்றைக் காலில் தொங்கியபடி
ஸோய்லா கிஷ்பே கூம்புகளை இறக்குகிறாள்.
இருநூற்றுப் பதினெட்டு.
பதினாறு மீட்டருக்கு ஒன்று என்பது உத்தரவு;
அவள் கணக்கில் மூன்று மூச்சுக்கு ஒன்று.
கீட்டோவின் குளிர் ரப்பரை இரும்பாக்கியிருக்கிறது.
பிச்சிஞ்சா மலை இன்னும் விழிக்கவில்லை,
அல்லது விழித்தபின்னும் மேகத்தை இழுத்துப்
போர்த்திக்கொண்டிருக்கிறது, யார் கண்டது.

ஐந்து தடங்களில் நடுத்தடம்
நேற்றுவரை வடக்கே மட்டும் போனது.
இன்று முதல் காலையில் தெற்கே,
மாலையில் வடக்கே,
பேருந்துக்கு மாத்திரம் என்று
நகராட்சியின் துண்டறிக்கை.
படித்தவர்களும் படிக்காதவர்களும்
ஒரே வார்த்தையில் வைதார்கள்.

"சாலை என்ன சட்டையா,
உள்ளும் புறமும் திருப்பிப் போட?"
டாக்ஸியிலிருந்து ஒரு குரல்.
ஸோய்லா பதில் சொல்லவில்லை.
இருட்டில் மாட்டிக்கொண்டு வந்த அவள் சட்டை
அன்று திரும்பித்தான் இருந்தது.

ஆறரைக்கு முதல் பேருந்து.
நின்ற கார்களின் பக்கமாக
அது பாட்டுக்குப் போனது.
மருத்துவமனைத் துணி வெளுக்கும் பெண்கள்
ஜன்னலில் கன்னம் வைத்து
கார்களைப் பார்த்தார்கள்,
தப்பு ஏதோ செய்துவிட்டதுபோல.

ஏழு பத்துக்கு அது நடந்தது.
ரொட்டிக்கடை எலிசேயோ தோவபாந்தா
இருபத்தாறு வருடமாக அதே இடத்தில்
சாலையைக் கடக்கிறவர்.
பாதிவரை இடப்புறம், அப்புறம் வலப்புறம்.
கழுத்துக்குத் தெரியும்,
அவருக்குத் தெரியவேண்டியதில்லை.
அன்றும் கழுத்து வலப்புறம் திரும்பியது.
பேருந்து இடப்புறமிருந்து வந்தது.

பிரேக் கத்திய கத்தலில்
தட்டு போயிற்று, ஆள் நின்றார்.
அறுபது மரவள்ளி ரொட்டிகள்
நடுத்தடத்தில் உருண்டன,
எந்தத் திசை என்ற கவலை இல்லாமல்.

ஓட்டுநர் மாரிட்சா இறங்கி வந்தாள்.
கை நடுங்க ஒரு ரொட்டியை எடுத்து,
ஊதி,
அவரிடமே நீட்டினாள்.
அவரும் வாங்கிக் கடித்தார்.
வேறென்ன செய்வது?

மறுநாள் கடைச் சுவரில்,
கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டில்,
கோணல் எழுத்து:
இரண்டு பக்கமும் பாருங்கள்.
அதன் கீழே, சின்னதாய்:
பிறகு இன்னொரு தடவை.

தடத்தை எடுக்கச் சொல்லும் மனுவிலும்
அவர் கையெழுத்து இருக்கிறது.
அவர் மகளோ அதே பேருந்தை நம்பி
இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகத் தூங்குகிறாள்.
வீட்டில் இதைப் பற்றிப் பேச்சில்லை.

போக்கையும் வரத்தையும்
ஒரே சொல்லாக ஒட்டியவர் யாரோ,
ஒட்டின இடத்தை நான் யோசித்ததில்லை.
அது இங்கே இருக்கிறது:
காலைப் பேருந்துகள் ஓய்ந்து
தடம் திரும்பும் முன்
பத்திலிருந்து பத்தரை வரை.
இரு முனையிலும் சிவப்புப் பெருக்கல் குறி.
நடுத்தடம் அப்போது எங்கும் போவதில்லை.

ஸோய்லா அதன்மேல் நடக்கிறாள்,
மூன்றரை கிலோமீட்டர்,
கூம்புக்குள் கூம்பாகச் செருகியபடி,
இரு காதிலும் கார்கள் இரைய,
சாலையின் நட்டநடுவில், அவசரமில்லாமல்.

இன்று ஒரு நாய் வந்து
வெயில் விழுந்த இடத்தில் படுத்திருக்கிறது.
பின்னால் லாரி ஊர்கிறது.
அவள் கையை உயர்த்தி அதை நிறுத்துகிறாள்.
எழுப்ப இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது.