கீறலா, மூச்சா

வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது
நாற்பத்தொரு இசைத்தட்டு, எல்லாம் ஜாஸ்.
பீரோவோடு சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்றான்
காயலான் கடைக்காரன்.
மலையிறங்கும் முன்பே, அட்டகட்டியில்,
பீரோவை ஒரு டீக்கடைக்குத் தள்ளிவிட்டேன்.

ஈரோட்டில் பிரித்தால் உறையெல்லாம் பூஞ்சை.
பாத்திர சோப்பில் கழுவி
தட்டு ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைத்தேன்.
உறை இற்றுப்போனவற்றுக்கு
மஞ்சள் மார்க்கெட்டின் பழைய ஏலச் சீட்டுகளை ஒட்டிப் புது உறை.
வெளியே விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு.
உள்ளே யாரோ ஒருவனின் டிரம்பெட்.

வாரத்தில் ஆறு நாள் நான் எடைமேடைக் கணக்கன்.
ஞாயிறு, அழைத்தால், கபடி நடுவர்.
எந்தக் கிழமையும் சட்டையில் மஞ்சள்.

சம்பத் நகர் பேக்கரியில் எங்கள் வழக்கு ஒன்று
மூன்று வருடமாக வாய்தாவில் இருக்கிறது:
எது விளையாட்டு, எது இல்லை.
வேர்க்கோணும் என்பார் சென்னியப்பன், ரேக்ளாக்காரர்.
வேர்க்கறது உங்களுக்கா மாட்டுக்கா என்பார் சத்தார்.
சத்தாருக்கு கேரம். மாவட்டத்தில் இரண்டாம் பரிசு.
"உக்காந்துட்டே ஆடறதெல்லாம் ஆட்டம்னா
பந்தியில எங்க ஒறம்பரைக்குத்தான் கோப்பை தரோணும்."
ஒருநாள் செஸ். ஒருநாள் சேவக்கட்டு.
ஒருநாள் முழுக்கத் தூண்டில்:
போட்டி நடப்பதே மீனுக்குத் தெரியாதபோது
அது என்ன போட்டி?
தீர்ப்புச் சொல்லுங்க நடுவரே என்பார்கள்.
நான் தேங்காய் பன்னின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

என் தலைக்குள் வேறு வழக்கு.
ஒரு தட்டின் லேபிள் மட்டும் மழையில் கரைந்துவிட்டது.
வாசித்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, வருடம் இல்லை.
போனைக் காட்டினேன், அதுவும் கையை விரித்தது.
இரண்டாம் பக்கத்தின் நடுவில்
டிரம்ஸ் ஒதுங்குகிறது, பேஸ் ஒதுங்குகிறது,
சாக்ஸபோன் தனியாகக் கோட்டைத் தாண்டுகிறது.
ஏழு பேர் காத்திருக்கும் களத்துக்குள் போகிறவன்போல்
குனிந்து, பக்கவாட்டில், பாதம் தேய்த்து,
ஒரே மூச்சில்.
கை தானாகக் கடிகாரத்தை அழுத்தியது.
இருபத்தாறு நொடி.
பத்தொன்பதாவதில் மட்டும் ஒரு சின்ன 'ட்ச்'.
கீறலா? மூச்சா?
மூச்சென்றால் ஆள் அவுட்.

போன ஞாயிறு இருவரையும் மாடிக்குக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன்.
யார் ஜெயிச்சா என்றார் சத்தார்.
யாரும் இல்லை என்றேன்.
"அப்ப இது விளையாட்டில்லீங்."
"ஆனா அந்த மனுசனுக்கு வேர்த்திருக்குமே"
என்று தன் கட்சிக்கே ஆள் சேர்த்தார் சென்னியப்பன்.

அவருடைய ரத்ததானச் சான்றிதழைக் கொடுக்க வந்த
லோகநாயகி வாசலிலேயே நின்றிருந்தாள்.
இப்போது பெரியாஸ்பத்திரி ரத்த வங்கி.
ஒரு காலத்தில் கோபி அணியின் ரெய்டர்.
திருப்பிப் போடுங்க என்றாள்.
மூன்று தடவை.
கண்ணை மூடி, சத்தமில்லாமல்,
உதடு மட்டும் கபடி கபடி கபடி.

"கீறல்தானுங்க.
மூச்சு ஒடையறதுக்கு முந்தியே சத்தம் மெலியும்.
இதுல மெலியலை."
சான்றிதழை நாற்காலிமேல் வைத்தாள்.
"அன்னைக்கு அந்தியூர்லயும் மெலியலை."

அந்தியூர். அரையிறுதி. சமநிலை. கடைசி ரெய்டு.
விசிலை நான்தான் ஊதினேன்.
கூட்டத்தில் யாரோ இருமியிருக்கலாம்.
அந்த ஆட்டத்துக்குத் தட்டு இல்லை,
ஊசியைத் தூக்கிப் பின்னால் வைக்க முடியாது.

பாட்டு முடிந்து கடைசி வரியில் ஊசி சுற்றிக்கொண்டிருந்தது.
யாரும் எழுந்து நிறுத்தவில்லை.
சென்னியப்பன் தன் ரத்த வகையை
முதல்முறை பார்ப்பதுபோல் படித்தார்.

உறையில், கிழங்கு விலைக்குக் கீழே எழுதினேன்:
பெயர் தெரியாதவர். சாக்ஸபோன். 26 நொடி.
மூச்சு உடையவில்லை.

படியிறங்கும்போது,
திரும்பாமலேயே அவள் சொன்னாள்:
"ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்தேனுங்க."