ராணிக் கூண்டு

போன செவ்வாய்க்கிழமை
ஆறாவது நிமிடத்தில் பந்தை அமுக்கிவிட்டேன்.
காலுறையோடு வாசல்வரை ஓடினேனாம்,
எனக்கு நினைவில்லை.
வீட்டில், மிஷின் பழுது என்றேன்.
வின்கோ சூப்பைக் கலக்கியபடி
"அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியிலா?" என்றான்.
அதற்குமேல் கேட்கவில்லை.
முப்பது வருஷமாக
எங்கே நிறுத்துவதென்று தெரிந்தவன்.

இன்று மறுபடி மாரிபோர்.
பாதி கரைந்த பனியில் அழுக்கான பார்க்கிங்.
மோதிரம், கடிகாரம், கொண்டை ஊசி எல்லாம்
தட்டில் போடச் சொல்கிறான் ஜிகா,
தாடி முளைக்கத் தயங்கும் பையன்.
"உடம்பில் இரும்பு ஏதாவது?"
தேனீக் கொடுக்குகள்தான் என்கிறேன்,
நாற்பது கோடைக்காலத்தின் சேமிப்பு.
காந்தம் அதை இழுக்காது என்று சிரிக்கிறான்.

தலைமேல் கூண்டை இறக்கிப் பூட்டுகிறான்.
மூக்குக்கும் வெள்ளைச் சட்டத்துக்கும்
இரண்டு விரல் தூரம்.
தேனெடுக்கும்போது போடுகிற வலையும்
முகத்தோடு ஒட்டித்தான் இருக்கும்.
ஆனால் அதை நானே மாட்டுவேன்,
நானே கழற்றுவேன்.

காதில் அடைப்பு. கையில் பந்து.
படுக்கை நகர்கிறது.

முதலில் வருவது பயமல்ல, கணக்கு:
உள்ளே எவ்வளவு காற்று, அது எத்தனை மூச்சு,
கரண்ட் போனால் யார் வருவார்,
ஜிகா காபி குடிக்கப் போயிருந்தால்?
தோள் இரண்டும் சுவரில் உரசியதும்
கணக்கும் நின்றுவிடுகிறது.

கடற்கரையை நினையுங்கள் என்றிருந்தார்
டாக்டர் நேவெங்கா.
நினைத்தேன்.
அலை வந்து வாய்க்குள் நுழைந்தது.

அப்போதுதான் தொடங்கியது.
டொக் டொக் டொக்,
பிறகு ஒரே மட்டத்தில் நீளும் உறுமல்.
எல்லோரும் சொல்லிப் பயமுறுத்திய சத்தம்,
எனக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம்.
ராணி செத்துப்போன பெட்டியில்
காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா?
ஏறாமல் இறங்காமல் ஒரு புலம்பல்.
கிட்டத்தட்ட அது.

ஒவ்வொரு மே மாதமும்
வேறு கூட்டில் பிறந்த ஒரு ராணியை
சுண்டுவிரல் நீளக் கூண்டில் அடைத்து
அந்தப் புலம்பலின் நடுவே இறக்குகிறவள் நான்.
உடனே திறந்துவிட்டால் கொன்றுவிடும்.
அதனால் கூண்டு வாசலில்
சர்க்கரையைப் பிசைந்து அடைப்பேன்.
வேலைக்காரத் தேனீக்கள் தின்னத் தின்ன
அவள் வாசனை பழகும், வழி திறக்கும்.
இரண்டு நாள். குளிராக இருந்தால் மூன்று.
நடப்பாள், நிற்பாள்,
கம்பியில் ஒரு காலை வைத்துப் பார்ப்பாள்.
பெட்டியை மூடிவிட்டு
நான் மதியம் சாப்பிடப் போவேன்.

இதை எதற்கு இப்போது நினைக்கிறேன்?
மன்னிப்புக் கேட்பதற்கு அல்ல.
ராணிகள் இருந்தால்தான் தேன்.

குழாயின் வாயில், என் பாதங்களுக்கு அப்பால்,
ஒரு கட்டி சர்க்கரையை வைக்கிறேன்.
ஒவ்வொரு டொக்கும் ஒரு கடி.
தின்னுங்கள். இன்னும். இன்னும்.
"அடுத்தது எட்டு நிமிடம்" என்கிறது ஜிகாவின் குரல்,
எங்கோ பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து.
எட்டு நிமிடம், பெரிய கட்டி.
நடுவில் ஒருமுறை பந்தைப் பாதி அமுக்கினேன்.
பாதிக்கு மணி அடிக்காது போலிருக்கிறது.
மூக்கு நுனியில் அரிப்பு வந்தது,
இருந்தது,
போய்விட்டது.

வெளியே இழுத்ததும் வெளிச்சம்
முகத்தில் தண்ணீர்போல் விழுந்தது.
"அசையவே இல்லையே நீங்கள்!" என்றான் ஜிகா.
படத்தில் என்ன தெரிந்ததென்று கேட்டேன்.
அவன் சொல்லக்கூடாதாம்.
திங்கட்கிழமை டாக்டர் சொல்வாராம்.

இன்னும் ஐந்து நாள்.
அதற்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும்
எனக்குத் தெரியவில்லை.

காரில் வின்கோ கேட்டான்,
"மிஷின் சரியாகிவிட்டதா?"
"ஆகிவிட்டது."
கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.
குளிர் ஒரேயடியாக உள்ளே வந்தது.
அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்,
மூடச் சொல்லவில்லை.