இரண்டாயிரத்தில் ஒரு பங்கு

வேப்பனப்பள்ளி எருது விடும் விழா.
திம்மராயன் கேட்டது ஒன்றுதான்:
"நம்ம ஜெட்டு தெளிவா விழணும்."

மேகமூட்டம்.
ஐ.எஸ்.ஓ.வை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன்,
படம் கொஞ்சம் பொரியும், பொரியட்டும்.
ஷட்டர், நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

தடுப்பு திறந்தது.
அவனுக்குப் பத்து நொடி,
எனக்கு நாற்பது படம்.

சின்னத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்:
கொம்பில் ஜிகினா, அந்தரத்தில் நிற்கும் எச்சில் நூல்,
எண்ணிவிடலாம் புழுதியை.
அவர் முகம் சுருங்கியது.
"கட்டிப்போட்ட மாடாட்டம் இருக்குதே."

கடைசிப் படம்,
கூட்டம் இடித்து டயல் உருண்டு
முப்பதில் ஒரு பங்கு.
லென்ஸின் கண் தானாகவே சுருங்கி
வெளிச்சத்தைக் காப்பாற்றியிருந்தது, மாட்டை அல்ல.
காலில்லை, கொம்பில்லை,
செம்பழுப்பாய் ஒரு இழுப்பு.

அழிக்கப் போனேன்.
"அட, இருங்க. இதுலதான் ஓடறான்" என்றார்.
பன்னிரண்டுக்குப் பதினெட்டு,
லேமினேஷனோடு.