பதினொன்றாம் வளைவில் ஹீட்டர்

மே மாதம். பகல் பன்னிரண்டரை.
பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவில்
ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு
ஏற்காடு ஏறுகிறவளைப் பார்த்து
எதிரே இறங்கிய பஸ் டிரைவர் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை
என் முழங்காலில் வாங்கிக்கொள்கிறேன்.
சிவப்பைத் தொட்ட முள்
அரை விரல் கீழே வருகிறது.

பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டி,
ஐஸ் கட்டிகளுக்கு நடுவே.
ஆஸ்பத்திரி ஜீப் எஃப்சிக்குப் போயிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷத்துச் சான்ட்ரோ.
பாகம் பிரித்தபோது
யாரும் கேட்காததால் எனக்கு வந்தது.
தீபாவளிக்கு மேல் ஹோஸை மாற்றினேன்,
அமுக்கினால் அப்பளமாய் நொறுங்கியதை.
பொங்கலுக்குள் வாட்டர் பம்ப்:
மூக்கு வழியே பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது.
ஃபேன் மோட்டார்
கொண்டலாம்பட்டி பைபாஸில்
செத்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது.
அதன் சொந்தக்காரர் யாரோ,
நல்ல மோட்டார்.

தாவூது குனிந்தபடியே சொன்னார்:
"தெர்மோஸ்டாட்டே இல்லம்மா இதுல.
சேலத்து வெயிலுக்கு எதுக்குன்னு
எவனோ கழட்டி எறிஞ்சிருக்கான்."
அந்த எவனோ
மலையில் ஒருநாளும் கண்விழித்ததில்லை.
டிசம்பரில் குவார்ட்டர்ஸ் வாசலில்
சூடேறாமல் இருமிக்கொண்டு நின்ற வண்டியை
அவனுக்குத் தெரியாது.

புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம்.
கொதிக்கும் பாத்திரத்தில் அதை மிதக்கவிட்டு
திறக்கிறதா என்று காட்டினார்.
நெல்மணி அளவு திறந்தது. பிறகு தாராளமாய்.
டீக்கடைப் பையன்கூட நின்று பார்த்தான்.

பாக்கி இருப்பது ரேடியேட்டர்.
"போர்த் தண்ணி ஊத்தி ஊத்தி
உள்ள பூரா சுண்ணாம்பு.
ஒங்க வீட்டுக் குடத்த எட்டிப் பாருங்க,
அதேதான்."
கோயம்புத்தூரிலிருந்து செவ்வாய்க்கிழமை வருமாம்.
இன்று சனி.
நாளை காலை முகாம்.

பதினாலாம் வளைவில் ஓரங்கட்டினேன்.
மூடியில் கைவைக்கக் கூடாது.
தாவூதின் முழங்கையில் இருக்கும்
வழவழப்பான வெள்ளைத் தழும்பு
போதும் எனக்குப் பாடம்.
பானெட்டை மட்டும் தூக்கிவிட்டு,
பெட்டியை இறக்கி மரநிழலில் வைத்து,
நனைத்த துண்டைப் போர்த்தி, அருகே உட்கார்ந்தேன்.

ஒரு குரங்கு வந்தது.
பெட்டியை நோட்டம் விட்டது. என்னையும்.
முன் மட்கார்டில் ஏறி உட்கார்ந்த வேகத்தில்
அலறிக் குதித்து
காப்பிச் செடிகளுக்குள் ஓடியது.
யாரும் இல்லாத ரோட்டில்
வாய்விட்டுச் சிரித்தேன்,
பல மாதங்களுக்குப் பிறகு.

இருபத்தைந்து நிமிஷம்.
துண்டைத் தொட்டேன்: குளிர்ச்சி.
சாவியைத் திருப்பினேன்:
முள் நடுவில்.
இன்னும் ஆறு வளைவு.
ஹீட்டரை நிறுத்தவில்லை.