குருமண்வெளித் துறையில் ஒரு லீவு நாள்

மாதம் முந்நூறாய் ஐந்து மாதம்
பிஸ்கட் டின்னில் போட்டுவைத்த காசு,
பாசிக்குடாவுக்கென்று.
வான் ஓந்தாச்சிமடம் பாலத்தைத் தாண்டியது,
மகிழூரைத் தாண்டவில்லை.

டிரைவர் கீழே புகுந்தார்.
இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டி
"அரை மணித்தியாலம்" என்றன.
அடுத்த அரை மணியிலும் அதையே.
இருபத்திரண்டு பேர் ஒரு வேம்பின் நிழலைப்
பங்குபோட்டுக்கொண்டிருக்க,
நானும் ஷிபானாவும் கமலவேணியும்
சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்,
தண்ணி எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு.

இங்கே பாதை என்றால் மிதப்பது.
வள்ளங்களின் மேல் பலகை அடித்து,
மோட்டர் சைக்கிளையும் ஆட்களையும்
எழுவான்கரையில் ஏற்றிப்
படுவான்கரையில் இறக்குவது.
சூரியனுக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்படும் வேலை.
பாதைக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்.

மாசி மாதம். மழை விட்டு,
ஆறு தன் கலங்கலை
அடியில் இறக்கிவைத்திருந்தது.
அக்கரையில் வேளாண்மை வெட்டு.
எதிர்க்காற்று வைக்கோல் மணத்தைக் கொண்டுவந்து
எங்கள் முகத்தில் துடைத்தது.

மண்டூரில் எல்லாரும் இறங்கினார்கள்.
நாங்கள் எழும்பவில்லை.
"இறங்கல்லயா புள்ள?"
"இல்லண்ணே, திரும்பப் போறம்."
"மறுகா என்னத்துக்கு வந்தீங்க?"
ஷிபானா கொஞ்சம் யோசித்தாள்.
"வந்து பாத்தம்."

இரண்டு தரம் காசு வாங்கினார்.
அதற்குப் பிறகு எங்களைப்
பலகையோடு சேர்த்துவிட்டார்.

மணிக்கு அறுபது கொலர் தைக்கிற கைகள்
மடியில் சும்மா கிடந்தன.
அவற்றை எங்கே வைப்பதென்று
நெடுநேரம் தெரியவில்லை எனக்கு.

மூன்றாம் தரம் ஒரு பிரிட்ஜ் ஏறியது.
புது வீட்டுக்காம்.
கயிற்றைப் பிடித்தபடி புது மாப்பிள்ளை.
நடு ஆற்றில் காற்று அதன் கதவைத் திறந்தது:
உள்ளே இரண்டு தலையணை,
சேலையில் சுற்றிய சாமிப்படம்,
ஒரு சுவர் மணிக்கூடு.
அவர் வெட்கப்பட்டுச் சாத்தினார்.
இருட்டுக்குள் அது ஓடுகிற சத்தம்
கரை வரைக்கும் எனக்குக் கேட்டது.

அடுத்து ஒரு கிடாய்.
கமலவேணியின் செருப்பில் மூத்திரம் பெய்தது.
நூல் அறுந்தாலே லைன் முழுக்கக் கேட்கக் கத்துகிறவள்
செருப்பை ஆற்றில் அலசிவிட்டுச் சிரித்தாள்.
அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது
ஆறு வருசமாய்ப் பக்கத்து மிசினில் இருந்தும்
எனக்குத் தெரியாது.

பிறகு சோறு.
ஷிபானாவின் பெட்டியில் இறைச்சி.
கமலவேணிக்கு வெள்ளி விரதம்,
என்னுடைய பருப்பும் கத்தரிக்காயும் போதும் என்றாள்.
பாதைக்காரருக்கு ஒரு அவித்த முட்டை.
அவர் அதைச் சட்டைப் பையில் வைத்தபடியே
மூன்று கரை கடந்தார்.

ஆறாவதா ஏழாவதா,
ஷிபானா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"ஜோர்தான் பேப்பர் வந்திட்டு.
பெருநாள் முடியப் போறன்."

எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி
இருக்கலாம்தான்.
கமலவேணி முட்டைக் கோதை
ஒவ்வொன்றாய் ஆற்றில் விட்டாள்.
அங்கேயும் கொலர்தானா என்று நான் கேட்டேன்.
"கைச்சட்டையாம்," என்றாள்.
பலகை கரையில் முட்டியது.
"இன்னொருக்காப் போவமாகா?"

எட்டாவது கடைசி.
படுவான் பக்கம் வெயில் சிவந்து இறங்க
எங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தோம்.
ஒரு நாள் லீவில்
நாலு நாள் எடுத்திருந்தோம்.

வானைக் கல்முனைக்கே கட்டி இழுத்துப் போனார்களாம்.
கடலில் குளிக்கவென்று கொண்டுபோன மாற்றுடுப்பு
மடிப்புக் குலையாமல் வீடு வந்தது.

திங்கட்கிழமை
பிஸ்கட் டின் திரும்பவும் மேசைக்கு வந்தது.
அடுத்த மாசிக்கு எங்கே, என்றார் சுப்பவைசர்.
ஆளாளுக்கு ஊர்ப்பேர் சொன்னார்கள்.
நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை.
கமலவேணி முந்நூறு போட்டாள்.
நான் போட்டேன்.
ஷிபானாவும் போட்டாள்.