விளிம்பில் ஒன்றுமில்லை

ஒன்பது மில்லிமீற்றர்.
கொண்டைக்கடலை, அவ்வளவுதான்.
எடுத்தாயிற்று. விளிம்பில் ஒன்றுமில்லை,
அக்குளில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று சொல்ல
நான்கு பக்க அறிக்கை.

எல்ஸ்மியர் வீதியோரம் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது.
டொக்டர் பெல்லெட்டியே ஒரு தாளில்
பேனையால் நூறு வட்டம் போட்டார்.
கதிர் அடிக்காமல் விட்டால் பத்து வருடத்துக்குள்
பத்துப் பேருக்கு அதே மார்பில் திரும்பலாம்
(பத்தைக் கறுப்பாக்கினார்),
அடித்தால் ஒருவருக்கு, கூடினால் இருவருக்கு.
உயிரோடு இருப்பவர்கள் தொகை
எப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.
"உங்களுக்கு அறுபத்தெட்டு வயது.
குளிசையை ஐந்து வருடம் ஒழுங்காகப் போடுவீர்கள் என்றால்
இரண்டு முடிவும் சரி."

இரண்டும் சரியா?
சம்பளக் கணக்குப் பிரிவில் இருபத்தேழு வருடம் இருந்தேன்.
அங்கே அப்படியொரு விடை கிடையாது.

உங்கள் அம்மாவாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?
சிரித்தார்.
அம்மா என் பேச்சைக் கேட்டதே இல்லை.

கென்னடி சந்தியில் சிவப்பு விளக்கு.
"அடிச்சிடுவம். பிறகு யோசிக்கத் தேவையில்லை"
என்றார் ஞானசேகரம்,
தன் நெஞ்சைத் தடவியபடி.
கல்கரியிலிருந்து மகள் மூன்று கட்டுரை அனுப்பியிருந்தாள்.
மூன்றும் மூன்று திசை.

கதிர்.
நினைக்கச் சிரிப்பு வந்தது.
இருபத்திரண்டு வயதில்
கதிர்காமநாதன் என்று ஒருவரை வேண்டாம் என்றேன்.
நல்ல மனுஷன். வேலை இருந்தது. குறை இல்லை.
பிறகு ஏன் என்று வீடு முழுக்கக் கேட்டது.
தேவை தெரியவில்லை என்றேன்.
அவர் நோர்வேயில் சுகமாக இருக்கிறாராம்.
அந்தப் பதிலைச் சரிபார்க்க
இன்றுவரை வழியில்லை.

இரவு குசினி மேசையில் நூறு வட்டத்தையும் எண்ணினேன்.
தொண்ணூற்றெட்டுத்தான் இருந்தது.
ஏழாவது வரிசையில் ஒன்று
பேனை சறுக்கி முட்டை வடிவாகியிருந்தது.
இது நான் என்று வைத்துக்கொண்டேன்.
கறுப்பாக்காத வட்டம்.
கறுப்பாக்கியிருந்தால்
வேறொன்றை எடுத்திருப்பேன்.

திங்கள் காலை கிளினிக்குக்கு அடித்தேன்.
குரல் பதிவு.
பெயரை எழுத்துக் கூட்டினேன், பிறந்த திகதி சொன்னேன்.
கதிர் வேண்டாம். குளிசை போடுகிறேன்.
வருடா வருடம் மமோகிராமுக்கு வருவேன்.

சொல்லி முடிந்தது.
லைன் இன்னும் திறந்தே கிடந்தது.
மறுத்து யாராவது ஒரு சொல் சொல்லக்கூடும் என்று
கொஞ்ச நேரம்
காதில் வைத்தபடியே நின்றேன்.