எர்த்து

சார்ஜ் ஏற்றும் வாயின் மூடியைத் திறந்து
டார்ச் அடித்துக் காட்டினார் சீனி உதுமான் காக்கா.
ஏழு ஓட்டையில் ஒன்றில் பச்சை பூத்திருந்தது.
புளி காணாத செம்புக் குடத்தின் அடியில் பூக்குமே, அதே பச்சை.

நான் கீழக்கரையில் வீட்டு வயரிங் பார்ப்பவன்.
போர் மோட்டார் எரிந்தால்,
மீட்டர் பெட்டிக்குள் பல்லி கருகினால் கூப்பிடுவார்கள்.
ஐந்நூறு குதிரை பூட்டிய வண்டிக்கு
ஒருவர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது.
பெட்ரோல் பாதி, கரண்டு பாதி.
"செலவும் பாதிப் பாதியாத்தான் வரும்னு நெனச்சேண்டா."
இரண்டும் முழுசாகவே வந்தன.

மதுரைக்கு மூன்று முறை போயிருக்கிறது,
மூன்று முறையும் லாரியின் முதுகில்.

முதலில் சின்ன பேட்டரி.
பெரிய பேட்டரி நிறைந்து கிடக்க
பன்னிரண்டு வோல்ட் செத்து, கதவே திறக்கவில்லையாம்.
மூட்டை மூட்டையாய் அரிசி இருந்தும்
தீக்குச்சி இல்லாத வீடு.
முப்பத்தெட்டாயிரம். லாரி வாடகை தனி.

அடுத்து, பேட்டரியைக் குளிர வைக்கும் தண்ணீர்ப் பம்பு.
"தொண்ணூத்தி நாலாயிரம்!
நம்ம குடிக்கிற தண்ணி குடம் பன்னண்டு ரூவாடா."

பிறகு உள்ளே இருக்கும் சார்ஜர்.
அந்த எஸ்டிமேட்டை எட்டாக மடித்து
சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.
வியர்வையில் மை கலங்கியும்
மூன்று லட்சத்து அறுபதாயிரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பிரேக் மிதிக்காமலே வேகம் குறைகிற வண்டி.
அதனால் டிஸ்க்கில் துரு.
மிதிக்காததற்கும் ஒரு பில்.

"பெரிய பேட்டரியே போனா?" என்றேன்.
"நானும் கேட்டேன். அந்த அட்வைசர் பிள்ள
தொகையச் சொல்லல,
காபி சாப்பிடுறீங்களா சார்னுச்சு."

நாலே செகண்டில் நூறைத் தொடுமாம்.
ஏர்வாடி ரோட்டில் ஐந்தாவது செகண்டில் ஆடு வரும்.
ஒரே ஒரு நாள், விடிகாலையில் தொட்டாராம்.
அதைச் சொன்னபோது மட்டும்
எஸ்டிமேட்டை மறந்திருந்தார்.

இப்போது புது சார்ஜர், பழைய சிவப்பு விளக்கு.
மதுரையில் கையை விரித்துவிட்டார்கள்:
"உங்க வீட்டு எர்த்து சரியில்ல."

மீட்டரை வைத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில்
பதினெட்டு வோல்ட் உட்கார்ந்திருந்தது.
கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் எர்த்துக் குழி.
பைப்பைப் பிடித்து இழுத்தேன், பாதிதான் வந்தது.
மீதி மண்ணுக்குள் துருவாகிப் போயிருந்தது.

எட்டடி தோண்டினேன்.
ஆறாவது அடியில் மணல் ஈரமானது,
காலில் இருந்த கீறல் எரிந்தது.
புதுப் பைப்பு. கரி ஒரு அடுக்கு,
வாலிநோக்கம் உப்பு ஒரு அடுக்கு.

"உப்பையா கொட்டுற? உப்புதானேடா வண்டியத் திங்குது!"
"அதே உப்புதான் காக்கா."
கொஞ்ச நேரம் குழியையே எட்டிப் பார்த்தார்.
"மூட்டை என்ன விலை?"
"இருநூறு. ரெண்டு மூட்டை."
"இருநூறா!"

பம்புக்கு வாயைத் திறக்காமல் கொடுத்தவர்
உப்புக்குப் பேரம் பேசினார்.
கூலியோடு நாலாயிரத்து நானூறு சொன்னேன்.
நாலாயிரத்தில் நிறுத்தினார்.
நானும் விட்டுவிட்டேன்,
அவர் சந்தோஷப்பட அன்றைக்கு வேறு எதுவும் இல்லை.

மஃரிபுக்கு அப்புறம் சொருகினோம்.
தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓட
லைன் நூற்று எழுபதில் தள்ளாடியது.
விளக்கு ஆரஞ்சு. மறுபடி ஆரஞ்சு.
பிறகு பச்சை.

காக்கா அல்ஹம்துலில்லாஹ் சொல்லவில்லை,
பச்சை பயந்து ஓடிவிடும் என்பது போல
மூச்சை அடக்கி நின்றார்.
கடல் பக்கமிருந்து கொண்டல் ஏறி வந்தது, பிசுபிசுவென்று.
தோளில் கிடந்த துண்டை எடுத்து
ஒயர் சொருகிய இடத்தைச் சுற்றிக் கட்டினார்,
கைப்பிள்ளையின் காதைப் பொத்துவது போல,
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.